அந்தக் குரல் என்ன சொல்கிறது என்று தாதி ஏன் கேட்டார்?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய அண்ணனுக்குக் கொஞ்ச நாளாகவே காதில் குரல் கேட்கிறது. மருத்துவமனை மனநல வார்டில் இருந்தபோது தாதி ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "குரல் ஆணா, பெண்ணா? என்ன சொல்லுது? எந்த நேரத்துல அதிகமா வருது?" என்று நிதானமாகக் கேட்டாராம். "இல்லாத ஒன்றைப் பற்றி இப்படிக் கேட்பது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவது ஆகாதா?" என்கிறார் வாசகி.

ஆகாது. அந்த மிஸ்ஸி செய்ததுதான் சரி. அதற்கான காரணம் மூளைக்குள் இருக்கிறது.

உங்களுக்கு நீங்களே கிச்சுகிச்சு மூட்டிப் பாருங்கள். சிரிப்பு வராது. அடுத்தவர் விரல் பட்டால் மட்டும் துள்ளுகிறோம். கையை அசைக்கச் சொல்லி மூளை உத்தரவு போடும்போதே அந்த உத்தரவின் நகல் ஒன்று உணர்வுப் பகுதிகளுக்கும் போய்விடுகிறது, கார்பன் தாளில் எடுத்த பிரதி மாதிரி. இன்ன இடத்தில் இன்ன தொடுதல் வரப்போகிறது என்று மூளைக்கு முன்பே தெரிந்துவிடுவதால், அது வந்ததும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சாரா-ஜேன் பிளேக்மோரும் உடன் ஆய்வாளர்களும் 1998இல் லண்டனில் ஸ்கேன் மூலம் இதைக் காட்டினார்கள்.

பேச்சிலும் இதே ஏற்பாடுதான். ஓர் ஒலி காதில் விழுந்து சுமார் 100 மில்லி விநாடியில் மூளையின் மின்அலையில் ஒரு துடிப்பு தெரியும். ஒலிப்பதிவில் கேட்கும்போது பெரிதாக வரும் அந்தத் துடிப்பு, நாமே பேசும்போது சிறுத்துவிடுகிறது. நகல் முன்கூட்டியே போய், "இது நம்ம குரல்தான்" என்று சொல்லிவிட்டது. வாய் திறக்காமல் மனதுக்குள் பேசும்போதும் துடிப்பு இப்படி அடங்குகிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நாள் முழுக்க நமக்குள் ஓயாமல் ஒரு பேச்சு ஓடுகிறது. அது நம்முடையதுதான் என்று ஒரு கணம்கூட நாம் சந்தேகப்படுவதில்லை. அந்த நிச்சயத்தை நமக்குத் தருவது இந்தச் சின்ன நகல்.

மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) உள்ளவர்களிடம் துடிப்பு இப்படி அடங்குவது குறைவாக இருப்பதை ஜூடித் ஃபோர்டு போன்றவர்களின் ஆய்வுகள் காட்டியுள்ளன. நகல் சரியாகப் போய்ச் சேராவிட்டால், உள்ளே எழுந்த பேச்சே வெளியாள் பேச்சாகக் கேட்கும். ஆய்வாளர்கள் பலர் ஏற்கும் விளக்கம் இது. குரல் கேட்கும் நேரத்தில் ஸ்கேன் எடுத்தவர்களில் சிலருக்கு, நிஜ ஒலியைக் கேட்கும்போது வேலை செய்யும் அதே செவிப்பகுதி விழித்துக்கொள்வதும் தெரிந்தது. அண்ணன் கதை கட்டவில்லை. அவருக்கு நிஜமாகவே கேட்கிறது.

"அதெல்லாம் வெறும் பிரமை, நினைக்காதே" என்றால் அவர் வாயை மூடிக்கொள்வார். குரல் மட்டும் மூடாது. "செத்துப் போ" என்று அது உத்தரவு போட்டால்கூட யாரிடமும் சொல்ல மாட்டார். அதனால்தான் நல்ல தாதி கேட்கிறார். தனக்கும் கேட்பதாகப் பொய் சொல்வதில்லை. "எனக்குக் கேட்கல. உங்களுக்குக் கேட்குது, பயமாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, மேலே கேட்கிறார்.

தாதிக்கும் நோயாளிக்கும் உள்ள உறவே சிகிச்சையின் பகுதி என்று அமெரிக்கத் தாதி ஹில்டகார்ட் பெப்லாவ் 1952லேயே எழுதினார். உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் அதே காலத்தில் ஆலோசனைத் துறையில் இதைச் சொன்னார். நோயை அல்ல, ஆளை நடுவில் வைப்பது என்கிறோமே, அதன் வேர் இங்கேதான். இதைக் கனிவு, அன்பு என்று மட்டும் புரிந்துகொண்டால் பாதிதான் புரிந்தது. ஆளைத் தெரிந்துகொள்வது நேரடியாகவே பயன்படுகிறது. வாய்விட்டுப் படிப்பது, முணுமுணுப்பது, பாடுவது போன்றவை சிலருக்குக் குரலைத் தணிக்கின்றன. உள்பேச்சுக்கான பாதையை அப்போது வேறு வேலை பிடித்துக்கொள்கிறது. இந்த அண்ணன் சின்ன வயதில் கோயில் பஜனையில் பாடியவர் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட தாதியிடம் ஒரு கருவி இருக்கிறது. மருந்துச் சீட்டை மட்டும் பார்த்தவரிடம் அது இல்லை. மாத்திரை வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. மாத்திரை கட்டாயம் வேண்டும். இது அதோடு சேர்ந்து நடக்க வேண்டியது.

இங்கே எனக்கு ஓர் ஆதங்கம். ஸ்கேன் இயந்திரம் வாங்கப் பணம் கேட்டால் புரிந்துகொள்கிறார்கள். ஒரு தாதி அரை மணி நேரம் உட்கார்ந்து பேச ஆள்பலம் கேட்டால் அதை ஒரு செலவாகவே யாரும் எண்ணுவதில்லை. தோட்டத்தில் வளர்ந்து தமிழ் மட்டுமே சரளமாகப் பேசும் ஒரு பாட்டியிடம் மலாயில் கேள்வி கேட்டால் பாதிதான் பதில் வரும். நோயாளியின் தாய்மொழியில் பேசுவதற்கும் அதைப் பற்றி ஆராய்வதற்கும் பணம் ஒதுக்கியே ஆக வேண்டும்.

இன்னொன்று. நம்மிடையே "சூனியம் வச்சிட்டாங்க" என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தண்ணீர்மலை முருகனுக்கு நேர்ந்துகொள்ளுங்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் பேயோட்டுகிறேன் என்று வேப்பிலையால் அடிப்பதும் மாத்திரையை நிறுத்தச் சொல்வதும் கொடுமை. சிகிச்சை தள்ளிப்போகப் போகக் குணமாவதும் கடினமாகிறது. 1911இல் தொடங்கிய மனநல மருத்துவமனை இருக்கும் ஊர் என்பதற்காகத் தஞ்சோங் ரம்புத்தானைக் கேலிப் பேச்சாக்கி வைத்திருப்பதும் ஆட்களை டாக்டரிடம் போகவிடாமல் தடுக்கிறது.

வாசகிக்கு: நீங்களும் அண்ணனிடம் கேட்கலாம். சண்டை போடாமல், அவசரப்படாமல் கேளுங்கள். குரல் எப்போது வருகிறது, அன்று தூங்கினாரா, வீட்டில் சத்தமா, தனியாக இருந்தாரா என்று ஒரு நோட்டில் குறித்து அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்குக் கொண்டுபோங்கள். தன்னையோ பிறரையோ காயப்படுத்தச் சொல்லி அது உத்தரவு போடுகிறது என்றால் அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.