கண்ணாடிக்குள் வியர்த்த மல்லிகை

என் எம்பிராய்டரி வகுப்புக்கு வரும் ஒருவர் போன மாதம் ஒரு பிரேமைக் கொண்டுவந்தார். உள்ளங்கை அளவுத் துணியில் மல்லிகைச் சரம். அம்மாவின் அறுபதாம் பிறந்தநாளுக்குத் தைத்தது. "மூணு மாசம்கூட ஆகலைக்கா, பாருங்க" என்றார். பூக்களைச் சுற்றிப் பழுப்புப் புள்ளிகள். பிரித்தால் துணி கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்தது, ஓரமெல்லாம் பசை. காலையில் அலசி மாலையிலேயே பிரேம் போட்டாராம்.

சிங்கப்பூர்க் காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். துணி கைக்குக் காய்ந்த மாதிரி இருக்கும், முடிச்சுகளுக்குள் ஈரம் தங்கியிருக்கும். நான் இரண்டு நாளாவது விசிறிக் காற்றில் விடுவேன். கண்ணாடி தையலைத் தொடாதபடி நடுவில் ஓர் அட்டைச் சட்டம் வைப்பேன். பசை பக்கமே போவதில்லை. நாளானால் அது மஞ்சளாகும், விறைக்கும், அப்புறம் பிரித்து அலசவும் வழியிருக்காது. அமிலமில்லாத அட்டையில் துணியைச் சுற்றி, பின்பக்கம் ஓரத்துக்கு ஓரம் கெட்டி நூலால் இழுத்துக் கட்டினால் போதும். நடுவில் தொடங்கி இரண்டு பக்கமும் போக வேண்டும், இல்லாவிட்டால் பூ கோணிக்கொள்ளும். அரை மணி நேர வேலை. இதற்குத்தான் யாருக்கும் பொறுமை இல்லை!

தையலில் குறை சொல்ல முடியாது. மொட்டுகள் எல்லாம் பிரெஞ்சு முடிச்சு, அதாவது ஊசியில் நூலைச் சுற்றிக் குத்தி இழுக்கும் முடிச்சு. பெரிய மொட்டு வேண்டுமென்றால் பலர் ஊசியில் நாலைந்து சுற்று சுற்றுகிறார்கள், முடிச்சு தொளதொளவென்று சாய்ந்துவிடும். சுற்றைக் கூட்டாமல் இழையைக் கூட்டுங்கள். எம்பிராய்டரி நூலில் ஆறு இழை இருக்கிறது. இரண்டு இழையில் சின்ன மொட்டு, ஆறில் பெரிய மொட்டு, காம்புக்கு ஒற்றை இழை. மேடு தெரிய வேண்டுமென்றால் பக்கத்தில் பள்ளம் வேண்டும். தேக்கா கடைகளில் வாங்கிய மணிப் பாக்கெட்டை அப்படியே கொட்டித் தைத்தால் எல்லாம் ஒரே மட்டமாகிவிடும். பெரனாக்கான்களின், அதாவது மலாய்ப் பண்பாடு கலந்த சீன வம்சாவளியினரின், மணிச் செருப்புகளைப் பார்த்திருப்பீர்கள். அங்கே இடைவெளியே விடாமல் மணி கோக்கிறார்கள், அதனால் உருவத்தை நிறம்தான் காட்டுகிறது. அது வேறு கலை, அதன் அழகும் வேறு.

தையலுக்கு முன் தண்ணீரில் மறையும் நீல நிறக் கோட்டுப் பேனாவில் வரைந்திருந்தால், இஸ்திரி போடும் முன் குளிர்ந்த தண்ணீரில் அலசிவிடுங்கள். சூடு பட்டால் கறை நிலைத்துவிடும். சூட்டில் மறையும் பேனா வேறு ரகம். கடுங்குளிரில் அந்தக் கோடு திரும்பி வரும். இங்கே பயமில்லை, கனடாவில் இருக்கும் தங்கைக்கு அனுப்புவதாக இருந்தால் யோசியுங்கள். இஸ்திரியும் தடித்த துண்டின் மேல் துணியைக் குப்புறப் போட்டுத்தான். நேராகத் தேய்த்தால் மொட்டெல்லாம் சப்பை.

மல்லிகையைப் பிரித்து, அலசி, காயவைத்து மறுபடி கட்டினோம். புள்ளிகள் முழுதாகப் போகவில்லை. இரண்டு இடத்தில் அவற்றின் மேலேயே புது மொட்டு தைத்தார். எவை என்று அம்மா இன்னும் கண்டுபிடிக்கவில்லையாம்.