ஜூபிளாங்க்டன்: மிதப்பதா, அலைவதா?

நீரோட்டத்தின் போக்கிலேயே போகும் விலங்குகளுக்கு ஜூபிளாங்க்டன் என்று பெயர். 'பிளாங்க்டோஸ்' என்றால் கிரேக்க மொழியில் அலைந்து திரிவது. ஜெர்மனியின் கீல் நகரில் ஆய்வு செய்த விக்டர் ஹென்சன், அதிலிருந்து 1887இல் 'பிளாங்க்டன்' என்ற சொல்லை ஆக்கினார். முன்னால் நிற்கும் 'ஜூ' விலங்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது.

தமிழில் பாடநூல்கள் 'விலங்கு மிதவை உயிரி' என்கின்றன. 'நுண்ணுயிரி' என்று எழுதுவோரும் உண்டு, அது தவறு. நுண்ணுயிரி என்றதும் பாக்டீரியாதான் நினைவுக்கு வரும். இங்கே உருவம் கணக்கே இல்லை. இழுதுமீன் எனப்படும் ஜெல்லிமீன் கையகலத்துக்கு மேல் இருந்தாலும் இந்த வகையில்தான் சேரும். நீரோட்டத்தை எதிர்த்துப் போக முடியாமல் அதன் போக்கிலேயே போகிறதா என்பதுதான் கேள்வி.

'மிதவை'யிலும் எனக்கு ஒரு குறை உண்டு. மிதப்பது என்றால் நீர்மேல் கிடப்பது. இவற்றில் பலவோ பகலில் ஆழத்துக்கு இறங்கி, இரவில் மேலே ஏறிவருபவை. ஒரே இடத்தில் பகலில் வீசிய வலையும் இரவில் வீசிய வலையும் வேறு வேறு கணக்குச் சொல்வது அதனால்தான். கடலுக்கும் அலை, திரிவதற்கும் அலைதல் என்று நம்மிடம் ஒரே வேர்ச்சொல் இருக்கும்போது 'விலங்கு அலைவுயிரி' என்பதே மூலப்பொருளுக்கு நெருக்கம். ஆனாலும் மாணவர் நாவில் பழகிவிட்ட 'மிதவை உயிரி'யை மாற்றச் சொல்ல மாட்டேன்.

அலைவது என்ற பொருளைப் பிடித்துக்கொண்டால் கரையோரக் கடலில் இவற்றை எண்ணும் கணக்கெடுப்பு எளிதாக விளங்கும். எண்ண வேண்டியது உயிரியை மட்டுமல்ல, அது வந்த நீரையும்தான். கூம்பு வடிவ வலையைப் படகு மெதுவாக இழுக்கும். வலையின் வாயில் கட்டிய ஓட்டமானி வலைக்குள் புகுந்த நீரைக் காட்டும். அரை மீட்டர் விட்டமுள்ள வாய் 500 மீட்டர் நகர்ந்தால் சுமார் 98 கன மீட்டர் நீர் வடிகட்டப்படும். வலைக்கண் பெரும்பாலும் 0.2 அல்லது 0.33 மில்லிமீட்டர். பெரிதானால் சின்னவை நழுவிவிடும். சரி, இன்னும் சிறிதாக்கலாமே என்றால், பாசி மிகுந்த கரையோர நீரில் வலை அடைத்துக்கொண்டு நீரை வெளியே தள்ளிவிடும், கணக்கே பிசகும்.

வலையில் சிக்குவதில் பெரும்பாலும் துடுப்புக்காலிகள் என்ற சின்னஞ்சிறு ஓட்டுடலிகளே மிகுதி. 'கோபிபாட்' என்ற கிரேக்கவழிப் பெயருக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் கிடைக்காது. கரையோரம் என்பதால் நண்டு, இறாலின் இளம்பருவங்களும் கூடவே வரும். வளர்ந்து அடித்தரைக்குப் போகும்வரை மட்டுமே அவை அலைவதால், 'தற்காலிக' என்ற அடைமொழியோடு தனியாக எண்ணப்படும்.