மின் கட்டணத்தை ஊரே முடிவு செய்தால்

கூட்டுறவுச் சங்கங்களின் கணக்கைத் தணிக்கை செய்வது என் தொழில். பால் சங்கம், கடன் சங்கம் எல்லாம் பார்த்திருக்கிறேன். ஆனால் ஊர் மக்களே சங்கம் சேர்ந்து மின்சாரத்தை வாங்கியோ உற்பத்தி செய்தோ வீடுகளுக்குக் கொடுக்கும் கிராம மின் கூட்டுறவு தனி ரகம். பால் சங்கத்தில் உறுப்பினர் விற்பவர். விலை ஏறினால் அவருக்குச் சந்தோஷம். மின் சங்கத்தில் அவர் வாங்குபவர். விலை குறைந்தால்தான் சந்தோஷம். அந்த விலையை உறுப்பினர்கள் எல்லாரும் கூடும் பேரவையில் கைதூக்கி முடிவு செய்பவரும் அவரேதான். நொடித்துப்போன மின் சங்கங்களின் பேரேடுகளைப் புரட்டினால், சிக்கல் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தொடங்கியிருக்கும்.

ஊர் மக்களே மின்சாரத்தை நடத்தும் யோசனை பழையது, நன்றாகவே வேலை செய்திருக்கிறது. அமெரிக்காவில் 1930களின் நடுவில் பத்துப் பண்ணைவீடுகளில் ஒன்றில்தான் மின்சாரம் இருந்தது. வீடுகள் தள்ளித்தள்ளி இருக்கின்றன, லாபம் வராது என்று தனியார் கம்பெனிகள் ஒதுங்கிக்கொண்டன. 1935இல் ரூஸ்வெல்ட் அரசு ஊரக மின்மயமாக்கத்துக்கென ஓர் அமைப்பை உருவாக்கி, குறைந்த வட்டியில் கடன் கொடுத்தது. விவசாயிகள் சங்கம் சேர்த்துத் தாங்களே கம்பி இழுத்தார்கள். அந்த வழியில் வந்த சங்கங்கள் 800க்கும் மேல் இன்றும் நடக்கின்றன. வங்கதேசத்தில் 1977இல் தொடங்கிய ஊரக மின்மயமாக்க வாரியத்தின் கீழ் 80 'பல்லி பித்யுத் சமிதி'கள், அதாவது கிராம மின் சங்கங்கள், இருக்கின்றன. நேபாளத்தில் 2003 முதல் கிராமக் குழுக்கள் திட்டச் செலவில் ஒரு பகுதியைத் (தொடக்கத்தில் 20 சதவீதம்) தங்கள் பங்காகப் போட்டு, மொத்தமாக மின்சாரம் வாங்கி வீடுகளுக்கு விநியோகிக்கின்றன.

இந்தியாவிலும் 1960களின் இறுதியில் இதே மாதிரியில் சில சங்கங்கள் முளைத்தன. கர்நாடகத்தின் ஹுக்கேரியும் தெலங்கானாவின் சிர்சில்லாவும் அவற்றில் இன்றுவரை தாக்குப்பிடித்தவை. மகாராஷ்டிரத்தின் முளா-பிரவரா சங்கத்துக்கு அது முடியவில்லை. பாசனப் பம்புகள் அதிகம், அவற்றுக்கான கட்டணமோ மிகக் குறைவு. மின்சாரம் வாங்கியதற்காக மாநில மின் நிறுவனத்துக்குக் கட்ட வேண்டிய பாக்கி மலையாகக் குவிந்து, 2011இல் விநியோக உரிமையே கைமாறியது.

பாக்கி எப்படிக் குவிகிறது என்பது எளிய கணக்குதான், ஆனால் பேரவையில் யாரும் அதைப் போட்டுக்காட்டுவதில்லை. சங்கம் 100 யூனிட் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கம்பியிலும் ட்ரான்ஸ்ஃபார்மரிலும் வீணாவது, ஓடாத மீட்டர், கொக்கி போடுவது எல்லாம் போக 85 யூனிட்டுக்குத்தான் பில் போடமுடிகிறது. போட்ட பில்லில் 90 சதவீதம் வசூலாகிறது. அப்படியானால் காசு வந்தது 76.5 யூனிட்டுக்கு மட்டும். வாங்கிய மின்சாரத்தின் விலையை எடுக்கவே, விற்கும் விலை கொள்முதல் விலையைவிட 31 சதவீதம் அதிகமாக இருக்கவேண்டும். லைன்மேன் சம்பளம், கடன் தவணை எல்லாம் அதற்கு அப்புறம். இதைச் சொன்னதும் ஒருவர் எழுந்து, "நம்ம சங்கத்துல நம்மகிட்டயே லாபம் வைப்பீங்களா?" என்று கேட்பார். கைதட்டல் அவருக்குத்தான்.

சொந்தமாக உற்பத்தி செய்யும் சங்கங்களில் இன்னொரு கேள்வி வரும்: மீட்டரா, மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரே கட்டணமா? இதற்கு எல்லா ஊருக்கும் பொருந்தும் விடை கிடையாது. ஓடை நீரில் ஓடும் சிறு நீர்மின் நிலையத்தில், ஓடிப்போகும் தண்ணீரைச் சேமித்துவைக்கவும் முடியாது, கூடுதலாக ஒரு யூனிட் எடுத்தால் செலவும் இல்லை. அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் இத்தனை வாட் என்று வரம்பு வைத்து ஒரே கட்டணம் வாங்குவது நியாயம். பேட்டரி வைத்த சூரிய மின் திட்டத்தில் இதே முறை நாசம்தான். ஒரு வீட்டில் ராத்திரி முழுக்க ஓடும் ஃப்ரிட்ஜ், எல்லார் பேட்டரியையும் அடிமட்டம் வரை இறக்கிவிடும். அப்படி அடிக்கடி இறங்கும் பேட்டரியின் ஆயுள் குறையும். அங்கே மீட்டர் அவசியம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பேட்டரி என்றதும் நான் முதலில் தேடும் பதிவேடு நினைவுக்கு வருகிறது: மாற்று நிதி, அதாவது பழைய கருவிக்குப் பதில் புதியது வாங்க ஒதுக்கிவைக்கும் பணம். சூரியத் தகடு 25 ஆண்டு உழைக்கும். லெட்-ஆசிட் பேட்டரி நன்றாகப் பராமரித்தாலும் ஐந்து முதல் ஏழு ஆண்டுதான். தொடக்கச் செலவை மானியம் கொடுத்துவிடும். இரண்டாவது பேட்டரியை யாரும் கொடுக்கமாட்டார்கள். ஐந்தாம் ஆண்டில் தேவைப்படும் தொகையை 60 மாதமாகப் பிரித்து, அதைக் கட்டணத்தில் சேர்த்து, தனி வங்கிக் கணக்கில் போட்டுவரும் சங்கம் எனக்கு அபூர்வமாகத்தான் கண்ணில்படுகிறது. தேய்மானம் என்று ஏட்டில் அழகாக எழுதியிருப்பார்கள். அந்தத் தொகை எங்கே என்று கேட்டால் திருவிழா விளக்குச் செலவில் போயிருக்கும், அல்லது கட்டணத்தை ஏற்றாமல் இருக்க அன்றாடச் செலவில் கரைந்திருக்கும்.

உபரி வருகிற சங்கங்களில் அமெரிக்க வழக்கம் ஒன்றைப் பரிந்துரைப்பேன். கட்டணத்தை உடனே குறைக்காமல், யார் எவ்வளவு மின்சாரம் வாங்கினார்களோ அந்த விகிதத்தில் உபரியை அவரவர் பெயரில் மூலதனமாக வரவு வைக்கிறார்கள். சில ஆண்டுகள் சங்கம் அதைப் பயன்படுத்திக்கொண்டு, நிதிநிலை இடம்கொடுக்கும்போது உறுப்பினருக்கே திருப்பிக்கொடுக்கிறது. தன் பெயரில் ஒரு தொகை ஏட்டில் இருக்கிறது என்று தெரிந்தவர் கட்டண உயர்வுக்குக் கைதூக்கக் கொஞ்சம் குறைவாகத் தயங்குவார்.

உறுப்பினராக இருப்பவர்கள் அடுத்த பேரவையில் மூன்று எண்களைக் கேளுங்கள்: வாங்கிய அல்லது உற்பத்தி செய்த யூனிட், பில் போட்ட யூனிட், வசூலான தொகை. அப்புறம் மாற்று நிதியின் வங்கிப் பாஸ்புத்தகம். நிர்வாகக் குழுவினரின் சொந்த நிலுவையையும் படிக்கச் சொல்லுங்கள். கேட்கவே சங்கடமான கேள்விதான், ஆனால் செயலாளர் வீட்டுப் பாக்கி நிற்கிற ஊரில் மற்றவர்களிடம் வசூல் நடக்காது.

தனித்து இயங்கும் சங்கங்களுக்கு இன்னொரு ஆபத்து, அரசின் மின்கம்பி ஊருக்குள் வருவது. இலங்கையின் மலைக்கிராமங்களில் சிறு நீர்மின் நிலையங்களை நடத்திய மின் நுகர்வோர் சங்கங்கள் பல அப்படித்தான் முடங்கின. உறுப்பினர்கள் ஒவ்வொருவராக மாறிப்போக, கடன் மட்டும் மிஞ்சும். இதற்கு மாற்று வழி, அந்தக் கம்பிக்கே மின்சாரத்தை விற்பது. குஜராத்தின் துண்டி கிராமத்தில் 2016இல் ஆறு விவசாயிகள் தங்கள் சூரியப் பம்புகளைக் கொண்டு தொடங்கிய கூட்டுறவு, பாசனம் போக மிஞ்சுவதை விநியோக நிறுவனத்துக்கு விற்றது. அவர்கள் கையில் நீண்டகாலக் கொள்முதல் ஒப்பந்தம் இருந்தது. அரசு ஊருக்குள் கம்பம் நடும் வேலை தொடங்குவதற்கு முன்பே அந்தப் பேச்சைத் தொடங்கிவிடுங்கள். உறுப்பினர்கள் மாறிப்போன பிறகு சங்கத்துக்குப் பேரம் பேசும் பலம் இருக்காது.