திமிலுக்கு 4 பிக்சல், காதலுக்கு 60 புள்ளி

அலங்காநல்லூரில் வாலையோ கொம்பையோ பிடித்தால் பிடி செல்லாது. திமிலைத்தான் தழுவ வேண்டும். ஆக்‌ஷன் கேமிலும் ஏறக்குறைய அதே சட்டம். திரையில் ஓடும் காளையின் படத்தைக் கணினி பார்ப்பதே இல்லை. கண்ணுக்குத் தெரியாத செவ்வகங்கள் ஒன்றையொன்று தொட்டனவா என்றுதான் பார்க்கிறது. இவற்றுக்கு ஹிட்பாக்ஸ் என்று பெயர்.

இரண்டு மூன்று பேர் சேர்ந்து செய்யும் ஓர் இண்டி கேமைக் கற்பனை செய்துகொள்வோம். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் எடுத்த மல்லிகைக் கூடை வாடுவதற்குள் தெற்கு மாசி வீதிக் கடைக்குப் போய்ச் சேர வேண்டும். வழியெல்லாம் அவிழ்த்துவிட்ட காளைகள். கடையில் காத்திருப்பவள் செல்வி, கதையின் காதலி.

கொம்பின் செவ்வகத்தைப் படத்தைவிட 4 பிக்சல் சிறிதாகவும், திமிலின் செவ்வகத்தை 4 பிக்சல் பெரிதாகவும் வைக்க வேண்டும். ஆடுபவருக்கு நூலிழையில் தப்பியது போலிருக்கும். உண்மையில் தப்பவிட்டது நாம். அளவை மாற்றி வைத்தால் “படவே இல்லையே!” என்று போனைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

திரையில் மாறிமாறி வரும் ஒவ்வொரு படமும் ஒரு ஃப்ரேம்; நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேம் 16.7 மில்லி நொடி. கண்ணால் பார்த்து விரலால் அழுத்த மனிதருக்குச் சுமார் 200 முதல் 250 மில்லி நொடி, அதாவது 12 முதல் 15 ஃப்ரேம் தேவை. ஆகவே பாய்வதற்கு முன் காளை குறைந்தது 20 ஃப்ரேமாவது காலால் மண்ணைக் கிளற வேண்டும். 12-க்கும் கீழே போனால் அது சவால் இல்லை, லாட்டரி.

தாவுவதிலும் ரகசியச் சலுகை உண்டு. வழியில் ஏறி ஓடும் லாரியின் விளிம்பைத் தாண்டி 6 ஃப்ரேம் கழித்து அழுத்தினாலும் தாவ விடலாம். கடினத்துக்குப் பெயர்போன செலஸ்ட் என்ற கேம், 2018-ல் வந்தது, அதிலும் இந்தச் சலுகை 0.1 நொடி. தரையைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்பே அழுத்திவிட்டால், அந்த அழுத்தத்தை நினைவில் வைத்திருந்து இறங்கியதும் தாவச் செய்ய வேண்டும்.

புதியவர்கள் சறுக்குவது பெரும்பாலும் நேரக் கணக்கில்தான். ‘ஃப்ரேமுக்கு 5 பிக்சல்’ என்று வேகத்தை எழுதினால், 30 ஃப்ரேமில் திணறும் பழைய போனில் காளை பாதி வேகத்தில் நடைபயிலும். நகர்வையும் மோதலையும் நிலையான இடைவெளியில் கணக்கிட வேண்டும்; கேம் செய்ய உதவும் மென்பொருள்களில், எதையும் மாற்றாவிட்டால், கோடோ எஞ்சினில் இது நொடிக்கு 60 முறை, யூனிட்டியில் 50. அப்போதும் ஒரு வம்பு பாக்கி. நொடிக்கு 1200 பிக்சல் பாயும் காளை 60-ல் ஒரு தடவைக்கு 20 பிக்சல் தாண்டும். சவுக்குக் கட்டைத் தடுப்பு 12 பிக்சல்தான், சோதிக்கும் கொம்பு முனைச் செவ்வகமும் 4 பிக்சல்தான் என்றால் இந்தப் பக்கம் இருந்த கொம்பு அடுத்த கணம் அந்தப் பக்கம், மோதலே பதிவாகாமல் போகலாம். அந்த நகர்வை நான்காகப் பிரித்து, 5 பிக்சலுக்கு ஒருமுறை சோதித்தால் தீரும்.

ரகளை வேண்டும் என்பதற்காகத் தாக்குதலை வெறும் ராண்டமில் விடக் கூடாது. ஒரே பாய்ச்சல் தொடர்ந்து ஐந்து முறைகூட வரலாம். குலுக்கல் சீட்டு மாதிரி, எடுத்ததைத் திரும்பப் போடாமல், பானை காலியானதும் மறுபடி நிரப்பினால் போதும்.

காதலுக்கும் ஓர் எண்தான். 0-ல் தொடங்கி, கூடை வந்து சேர்ந்தால் 5 கூட்டலாம். தோற்றாலும் 1 கூட்டுங்கள். இல்லாவிட்டால் கைவேகம் குறைந்தவர்கள் கதையையே பார்க்க மாட்டார்கள். பேசும்போது மல்லிகை வாடும் கடிகாரத்தை நிறுத்தியே ஆக வேண்டும், இல்லையென்றால் வசனத்தைத் தட்டித்தள்ளிவிட்டு ஓடுவார்கள். சொன்ன வசனத்துக்கு ஒரு குறி போட்டு வைத்தால் அதே கேலி திரும்ப வராது.

எண்ணைத் திரையில் காட்ட அவசியமில்லை, செல்வியின் வாயே காட்டிவிடும். 20 வரை “என்னண்ணே, மறுபடி மாட்டுக்கிட்ட மாட்டிக்கிட்டீங்களா?” 20 தாண்டினால் ‘அண்ணே’ உதிர்ந்துவிடும். 60-ல் “ஏங்க”. இந்த எண்ணை உரையாடல் முடிந்த உடனேயே சேவ் செய்யுங்கள். காளை முட்டிச் செத்து மறுபடி தொடங்கும்போது பழைய மதிப்பு ஏறிவிட்டால், “ஏங்க” என்றவள் மறு நிமிடமே “அண்ணே” என்பாள்.