கருவை விற்கலாம், தகப்பன் யாரென்று தெரியுமா?

பிரேசிலில் வியாட்டினா-19 என்று நெலோர் இனப் பசு ஒன்று இருக்கிறது. அதன் உரிமையில் மூன்றில் ஒரு பங்கு 2023இல் ஏலத்தில் போன விலையை வைத்துக் கணக்குப் பார்த்தால், முழுப் பசுவின் மதிப்பு நாற்பது இலட்சம் அமெரிக்க டொலரைத் தாண்டுகிறது. அந்த விலை அதன் சினைமுட்டைகளுக்காகத்தான். இந்தக் கதை வட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கியதிலிருந்து இலங்கையில், திருகோணமலை மாவட்டத்து மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் பக்கம் எங்கே போனாலும் யாராவது கேட்டுவிடுகிறார்கள்: "டொக்டர், நம்மட மாட்டிலயும் கரு எடுத்து வெளிநாட்டுக்கு விக்கலாமாமே?" பதிவுக் கட்டணம் என்று முற்பணம் கேட்டுத் தரகர்கள் வந்து போன வீடுகளும் உண்டு.

விற்கலாம். உலகத்தில் பலர் விற்கிறார்கள். ஆனால் அவர்கள் விற்பது என்ன என்று தெரிந்துகொண்டு முற்பணத்தைக் கொடுங்கள்.

வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பசு ஒரு வேட்கையில் பெரும்பாலும் ஒரு முட்டையைத்தான் விடும். எஃப்எஸ்எச் என்ற ஹோர்மோனை நான்கு நாட்கள், காலையும் மாலையும், அளவைக் குறைத்துக் குறைத்து ஊசியாகக் கொடுத்தால் பல முட்டைகள் ஒன்றாக முற்றும். வேட்கை வந்ததும் அரை நாள் இடைவெளியில் இரண்டு தரம் செயற்கை முறையில் சினைப்படுத்துவார்கள். ஏழாம் நாள் கருப்பைக்குள் மெல்லிய குழாய் விட்டுக் கழுவி, வந்த திரவத்தை நுணுக்குக்காட்டியில் வைத்துக் கருக்களைப் பொறுக்கித் தரம் பிரிப்பார்கள். முதல் தரத்தில் உள்ளதுதான் பெரும்பாலும் நாடு கடக்கும். அதை ஸ்ட்ரோ எனப்படும் கால் மில்லிலீற்றர் மெல்லிய குழாயில் அடைத்து, மெதுவாகக் குளிரவைத்து, மறை 196 பாகையில் இருக்கும் திரவ நைதரசனில் போட்டால் வருடக்கணக்கில் கிடக்கும். இப்போது முட்டையை ஊசியால் உறிஞ்சி எடுத்து ஆய்வுகூடத்திலேயே கருவாக்கும் முறைதான் உலகில் அதிகம். பிரேசில் அதில் கெட்டிக்கார நாடு.

ஒரு தடவை கழுவினால் சராசரியாக ஐந்தாறு நல்ல கரு கிடைக்கும் என்று புத்தகம் சொல்லும். அந்தச் சராசரியை நம்பிக் கடன் வாங்காதீர்கள். ஒரு பசு பதினைந்து தரும், பக்கத்தில் கட்டியிருக்கும் பசு ஒன்றும் தராது. நான்கைந்து பசுக்களில் ஒன்று வெறுங்கையோடு அனுப்பிவிடும். அதற்கும் ஹோர்மோன் செலவு அதே செலவுதான்.

நோய் விடயத்துக்கு வருவோம். உயிருள்ள மாட்டை அனுப்புவதைவிடக் கருவை அனுப்புவது எத்தனையோ மடங்கு பாதுகாப்பானது. பசுவின் வயிற்றில் உருவாகிக் கழுவி எடுத்த கருவை முறைப்படி கையாண்டால் கால்வாய் நோய் (மாட்டின் காலிலும் வாயிலும் புண் வரும் கோமாரி) அதன் மூலம் பரவும் அபாயம் புறக்கணிக்கத்தக்கது என்பதை உலக விலங்கு சுகாதார அமைப்பே ஏற்றுக்கொண்டிருக்கிறது. அந்த "முறைப்படி" என்ற சொல்லுக்குள்தான் எல்லாம் இருக்கிறது. கருவைச் சுற்றியுள்ள உறையில் கீறல் இருக்கக் கூடாது. புதுப்புதுத் திரவத்தில் பத்துத் தரம், ஒவ்வொரு தரமும் நூறு மடங்கு ஐதாகும்படி கழுவ வேண்டும். இதைச் செய்யும் குழு அரச கால்நடை அதிகாரத்தின் அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். கொள்கலனுக்கு அரச மிருக வைத்தியர் முத்திரை வைக்க வேண்டும். அதற்கு மேல் வாங்குகிற நாடு தன் பங்குக்கு என்ன பரிசோதனை கேட்கிறதோ அதுவும் உண்டு. கால்வாய் நோய் வந்து போய்க்கொண்டே இருக்கிற நாடு நமது. 2020இல் தோல் கழலை நோயும் வடக்கில் தலைகாட்டியது. இந்த நிலையில் வாங்குபவர் சந்தேகத்தோடுதான் பைலைத் திறப்பார்.

சரி, நோயையும் தாண்டிவிட்டோம் என்று வையுங்கள். அப்புறம்தான் உண்மையான சுவர். ஏற்றுமதியாகும் ஸ்ட்ரோவின் மேல் என்ன எழுதியிருக்கும் தெரியுமா? எடுத்த குழுவின் குறியீடு, இனம், தாயின் பதிவு இலக்கம், தகப்பனின் பதிவு இலக்கம், உறையவைத்த திகதி. அந்தத் தாய் இலக்கத்தைத் தேடிப் பார்த்தால் அவள் ஒவ்வொரு ஈற்றிலும் எத்தனை லீற்றர் கறந்தாள், கொழுப்பு எவ்வளவு, எத்தனை நாளில் திரும்பச் சினைப்பட்டாள், அவளுடைய அம்மா, அம்மம்மா எப்படி என்று வரும். அமெரிக்காவில் 2009இலிருந்து பால் மாடுகளுக்கு மரபணுப் பரிசோதனையை வைத்தே அதிகாரபூர்வ மதிப்பீடு கொடுக்கிறார்கள். வாங்குபவர் காசு கொடுப்பது இந்தப் பதிவேட்டுக்கு. ஏழு நாள் கரு கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி. பதிவேடு இல்லாவிட்டால் பட்டியில் நிற்கிற எந்த மாட்டின் கருவும் அதுவும் ஒன்றுதான்.

நம்முடைய பட்டிகளைப் பாருங்கள். பெரும்போகம் தொடங்கினால் வயலுக்குள் மாடு நிற்க முடியாது. மேய்ச்சல் தரை தேடி இருநூறு, முந்நூறு மாட்டை ஓட்டிக்கொண்டு காட்டோரம் போகிறோம். அங்கே நாலு பேருடைய பட்டி ஒன்றாகக் கலக்கும். நாம்பன்களும் கூடவே நடக்கும். அங்கே சினைப்பட்டுப் பிறந்த கன்றின் தகப்பன் யார் என்று சொல்ல ஆள் கிடையாது. குறிசுட்ட அடையாளம் மாடு யாருடையது என்று சொல்லும், யாருடைய கன்று என்று சொல்லாது.

கிண்ணியாவில் தயிருக்காக எருமையும் கொஞ்சம் பசுவும் வைத்திருக்கும் காக்கா ஒருவர் தன் சாஹிவால் கலப்புப் பசுவைக் காட்டி, "இது நாளைக்கு எட்டு லீற்றர், டொக்டர். இதுக்கு விலை வராதா?" என்றார். "எந்தக் கொப்பியில எழுதி வச்சிருக்கீங்க காக்கா?" என்றேன். நெற்றியைத் தட்டிக் காட்டினார். அவர் பொய் சொல்லவில்லை, அந்தப் பசுவின் மடியைப் பார்த்தாலே தெரியும். ஆனால் அவருடைய நெற்றியை வெளிநாட்டுக்காரருக்கு அனுப்ப முடியாதே. அந்தப் பசுவுக்கு இப்போது காதில் இலக்க அட்டை போட்டாயிற்று. மகள் கொப்பியில் பால் அளவு எழுதுகிறாள். அதன் நாகுக் கன்றை உள்ளூரில் ஒருவர் கேட்டு வந்தபோது, கொப்பியைப் பார்த்துவிட்டுச் சாதாரண விலையைவிடக் கூட்டித்தான் கேட்டிருக்கிறார். டொலர் இல்லை, ரூபாய்தான். இருக்கட்டுமே.

வாங்கும் பக்கத்திலும் ஏமாற இடம் உண்டு. "உறைகரு தருகிறோம், உங்கள் ஊர்ப் பசுவே ஹோல்ஸ்டீன் கன்று ஈனும்" என்பார்கள். ஹோல்ஸ்டீன் என்பது பெரிய உடம்புள்ள வெளிநாட்டுப் பால் மாட்டினம். இதில் ஒரு நல்ல விடயம் இருக்கிறது: கன்று இங்கேயே பிறந்து, இங்கத்தைய தாயின் சீம்பாலைக் குடிப்பதால் நம்மூர் நோய்களுக்கு எதிரான தற்காப்பு ஓரளவு கிடைக்கும். 2017இல் ஆயிரக்கணக்கில் கப்பலில் இறக்கிய வெளிநாட்டு நாகுகள் இங்கு வந்து பட்ட பாட்டை நினைத்தால் இது சின்ன விடயமில்லை. ஆனால் ஹோல்ஸ்டீன் கன்று பிறக்கும்போதே நாற்பது கிலோ அளவில் இருக்கும். நம்முடைய சின்ன நாட்டுப் பசுவின் இடுப்பு அதற்குத் தாங்காது. நடு இரவில் கயிறு கட்டி இழுக்கக் கூப்பிடுவீர்கள். நான் வந்து சேருமுன் இரண்டும் போயிருக்கும். பெரிய உடல்வாகுள்ள கலப்புப் பசுவைத்தான் சுமக்கும் தாயாகத் தெரிவுசெய்ய வேண்டும். அதன் வேட்கையும் கருவின் வயதும் ஒரு நாளுக்கு மேல் முன்பின் போனால் கரு தங்காது. எல்லாம் சரியாக அமைந்தாலும் உறைகருவில் பாதிக்குப் பாதிதான் தங்கும். அப்படிப் பிறந்த கன்றைச் சித்திரை வெயிலில் நிழலில்லாமல் மேயவிட்டால் பால் கிடைக்காது, மூச்சிரைப்புத்தான் கிடைக்கும்.

இன்னொன்று. வேட்கையை ஒன்றாக வரவைக்கக் கொடுக்கும் புரொஸ்டாகிளாண்டின் ஊசியைத் தரகர் கொண்டுவந்து போடச் சொன்னால் விடாதீர்கள். சினைமாட்டுக்குப் போட்டால் கன்று விழுந்துவிடும். கர்ப்பிணிப் பெண்கள் அந்த மருந்தைத் தொடவே கூடாது. தோல் வழியாகவே உடம்புக்குள் போகும்.

யாராவது வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். கரு எடுக்கும் குழுவுக்கு அங்கீகாரக் கடிதம் எங்கே? வாங்குகிற நாட்டின் சுகாதார நிபந்தனைத் தாள் எங்கே? கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் அனுமதி எங்கே? மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள். தாளைக் காட்டினால் ஒரு பிரதி வாங்கிக்கொண்டு உங்கள் பிரிவு மிருக வைத்தியரிடம் போங்கள். அதுவரை ஒரு ரூபாயும் கைமாற வேண்டாம்.