கொம்பு முந்தும், ஒலி பிந்தும்: ஒரு பிள்ளை வாசிக்கக் கற்பது எப்படி?

தரம் மூன்றில் ஆசிரியர் ஒரு வரி வாசிக்கிறார், பிள்ளைகள் சேர்ந்து திருப்பிச் சொல்கிறார்கள். விறாந்தையில் நின்று கேட்பவருக்கு எல்லாரும் வாசிக்கிறார்கள் என்றுதான் படும். கிட்டப்போய் விரல்களைப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். சிலரின் விரல் வேறு வரியில் நிற்கும், சிலரின் விரல் படத்தில் நிற்கும். காதால் வாங்கி வாயால் விடுகிறார்கள், கண்ணுக்கு அதில் வேலையே இல்லை.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் மட்டும் உள்ள கதையல்ல இது. குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் பத்து வயதுப் பிள்ளைகளில் 100க்கு 53 பேரால் ஓர் எளிய கதையை வாசித்து விளங்கிக்கொள்ள முடியவில்லை என்று 2019இல் உலக வங்கி கணித்தது. கொரோனாவுக்குப் பிறகு, 2022இல், அந்த மதிப்பீடு 70ஆக ஏறியது. இத்தனை கோடிப் பிள்ளைகளையும் "படிப்பு ஏறாது" என்று தள்ளிவிட முடியாது. சிக்கல் எங்கே விழுகிறது என்று பார்ப்பதுதான் புத்தி.

பேச்சு தானாக வரும், வாசிப்பு வராது. எழுத்து தோன்றி ஏறத்தாழ 5,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. வாசிப்புக்கென்று தனி இடம் மூளையில் வளர அது போதாது. ஆகவே முகங்களையும் பொருட்களையும் அடையாளம் காணும் பகுதியில் ஒரு துண்டை, இடது அரைக்கோளத்தின் பின்கீழ்ப் பக்கத்தில், எழுத்துக்காகப் பழக்கி எடுக்கிறோம். பிரான்ஸின் மூளை ஆய்வாளர் ஸ்தானிஸ்லாஸ் டெஹேனும் அவரது குழுவினரும் பிரேசிலிலும் போர்த்துக்கலிலும் பெரியவர்களின் மூளையை ஸ்கேன் செய்து 2010இல் முடிவை வெளியிட்டார்கள். வாசிப்புத் திறன் கூடக்கூட இந்தப் பகுதி எழுத்துக்குக் கூடுதலாகத் துலங்கியது. வளர்ந்த பிறகு படித்தவர்களிடமும் இந்த மாற்றம் இருந்தது. தரம் ஐந்துக்கு வந்தும் எழுத்துக்கூட்டத் தடுமாறும் பிள்ளையின் பெற்றோருக்கு முதலில் சொல்லவேண்டியது இதைத்தான்.

சரி, தமிழ் எழுத்துக்கு வருவோம். 247 என்ற எண்ணைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை, 12 உயிரும் 18 மெய்யும் ஆய்தமும் தெரிந்தால் மற்றவை சேர்க்கைதான் என்று சொல்வோம். பெரியவர்களுக்கு அது சரி. பிள்ளையின் கண்ணால் பாருங்கள். 'கா'வில் அரவு (ா) பின்னால் வருகிறது, ஒலியும் பின்னால் வருகிறது. 'கெ'யில் ஒலி பின்னால்தான், ஆனால் கொம்பு முன்னால் வந்து நிற்கிறது. 'கொ'வில் க நடுவில் அகப்பட்டுவிடுகிறது. கு, து, பு, மு நான்கிலும் ஒரே உகரம், வடிவமோ ஒன்றைப்போல் ஒன்றில்லை. இதில் விதி உதவாது, பார்த்துப் பார்த்துத்தான் பதியவேண்டும்.

இன்னொரு முடிச்சும் உண்டு. 'கி' என்பதற்குள் க், இ என்று இரண்டு ஒலிகள் இருப்பது காதுக்கு இயல்பாகத் தெரிவதில்லை. எழுத்தறியாத பெரியவர்களால் ஒரு சொல்லின் முதல் ஒலியை மட்டும் நீக்கிச் சொல்ல முடியவில்லை என்று 1979இல் போர்த்துக்கலில் நடந்த ஆய்வொன்று காட்டியது. அந்தப் பிரிப்பே எழுத்தோடு சேர்ந்து வளர்வது. நம்முடையதைப் போன்ற எழுத்துமுறை கொண்ட கன்னடத்தில், எழுத்துகளைப் பழகுவதே நான்காம் வகுப்பு வரை நீள்வதை ஆய்வாளர் சோனாலி நாக் கண்டறிந்தார். பாடப்புத்தகம் அதுவரை காத்திருக்காது. மார்கழி வெள்ளத்தில் தெரு மூடி, கொம்பெழுத்து படிப்பிக்கும் கிழமை தவறிவிட்டால் அந்தப் பிள்ளைக்கு அது தவறியதுதான்.

எழுத்து தெரிந்தால் மட்டும் போதாது, வேகமும் வேண்டும். 'விளையாடிக்கொண்டிருந்தார்கள்' என்பதில் 14 எழுத்துகள். நம் மனம் ஒரே நேரத்தில் தாங்குவதோ நான்கைந்து துண்டுகள். ஒவ்வொன்றாகக் கூட்டும் பிள்ளை 'கள்' என்று முடிக்கும்போது 'விளை' போயிருக்கும், உள்ளங்கையில் தண்ணீர் ஏந்திப் போவதுபோல. பழகிய கண்ணோ கால் வினாடி தங்கி ஒரு பெரிய துண்டை எடுத்துவிடும்.

கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986இல் சொன்ன கணக்கு எனக்குப் பிடித்தமானது. வாசிப்பு என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனையும் கேட்டு விளங்கும் திறனையும் பெருக்கி வருவது என்றார்கள். ஒன்று பூச்சியமானால் விடையும் பூச்சியம். படுவான்கரையில் இரண்டாவது எண் குறைவென்று யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன். வைகாசிச் சடங்கில் கண்ணகி வழக்குரை பாடக் கேட்கும், கூத்துக்களரியில் விடியும்வரை குந்தியிருக்கும், தாய்வழி உறவு சூழ அம்மம்மாவின் கதை கேட்டு வளரும் பிள்ளைக்குப் பேச்சுத்தமிழைத் தாண்டிய தமிழும் காதில் விழுந்துதான் இருக்கிறது. குறைவது முதலாவது எண்.

அதை உயர்த்தும் வழி காத்தான்குடியிலும் அக்கரைப்பற்றிலும் எப்போதிருந்தோ நடக்கிறது. குர்ஆன் மத்ரசாவில் பிள்ளை தனியாக மௌலவியின் முன் இருந்து ஓதுகிறது. பிழைத்தால் அந்த இடத்திலேயே திருத்தம், சரிவந்தால்தான் அடுத்த பாடம். வயது பார்ப்பதில்லை. பொருள் விளங்குவது பின்னால் வரும், ஓதுதலின் நோக்கமும் வேறு. ஆனால் வலமிருந்து இடமாகப் போகும் ஓர் அந்நிய எழுத்தை இந்தப் பிள்ளைகள் தடங்கலின்றி ஒலிக்கிறார்கள். அதே பிள்ளை பள்ளிக்கூடத்தில் தமிழுக்குத் தடுமாறினால் மூளையைக் குறைசொல்ல இடமில்லை.

இந்தியாவின் 'பிரதம்' என்ற கல்வித் தொண்டு அமைப்பு செய்வதும் கிட்டத்தட்ட இதையே. ஒவ்வொரு பிள்ளையையும் தனியே வாசிக்கவிட்டு, எழுத்து, சொல், பந்தி, கதை என எந்தப் படியில் நிற்கிறது என்று பார்க்கிறார்கள். பிறகு நாளில் ஒரு சிறு நேரத்துக்கு வகுப்பைக் கலைத்து, படி ஒத்தவர்களை ஒன்றாக இருத்துகிறார்கள். பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் இதைப் பல மாநிலங்களில் பரிசோதித்தார்கள். நன்றாக நடத்திய இடங்களில் முன்னேற்றம் தெளிவாகத் தெரிந்தது. ஆசிரியருக்குப் பயிற்சி மட்டும் கொடுத்துவிட்டு, அதற்கென நேரம் ஒதுக்காத இடங்களில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. இந்த முறை ஆபிரிக்காவில் சாம்பியாவரை போயிருக்கிறது.

ஓர் ஆசிரியரே இரண்டு தரங்களைப் பார்க்கும் சின்னப் பள்ளிக்கூடங்களில் இது இன்னும் இலகு. பிள்ளைகள் ஏற்கனவே கலந்துதான் இருக்கிறார்கள். வீட்டிலோ ஊர் நூலகத்திலோ செய்வதானாலும் பெரிய ஆயத்தம் வேண்டாம். பத்துப் பதினைந்து நிமிடம் ஒரு பிள்ளையைத் தனியாக வாசிக்கவிடுங்கள். சிக்கினால் முழுச் சொல்லையும் சொல்லிக்கொடுக்காமல், பாதியை விரலால் மூடி 'விளையாடி' வரை மட்டும் காட்டுங்கள். பந்தி முடிந்ததும் "மறுகா (பிறகு) என்ன நடந்த?" என்று கேளுங்கள், பதில் வீட்டுப் பேச்சிலேயே வரட்டும். அடுத்த நாளும் அதே பந்திதான். சலித்துவிட்டதென்றால் மூன்றாம் நாள் வேறு கதை எடுக்கலாம்.