உங்கள் வளவில் நிற்கும் மரம்: தறிக்கும் முன் பார்க்க வேண்டியவை

"எங்கட வளவுக்குள்ள நிக்கிற மரத்தை வெட்டக் கவுன்சிலை ஏன் கேட்கவேணும்?" லண்டன் புறநகர்களில் வீடு பெருப்பிப்பவர்களுக்குப் பிளான் வரைந்து கொடுக்கும் எனக்கு இது பழகிப்போன கேள்வி. கேட்பவர் பெரும்பாலும் பில்டருக்கு முற்பணமும் கொடுத்திருப்பார்.

இங்கிலாந்தில் 1990ஆம் ஆண்டின் திட்டமிடல் சட்டப்படி, தனியார் காணியில் நிற்கும் மரத்துக்கும் கவுன்சில் பாதுகாப்பு ஆணை போடலாம். ஆங்கிலத்தில் ட்ரீ பிரிசர்வேஷன் ஓடர், சுருக்கமாக டிபிஓ. அது இருந்தால் தறிப்பதற்கு மட்டுமல்ல, கொப்பு வெட்டவும் வேரை அறுக்கவும்கூட முன்கூட்டியே அனுமதி வேண்டும். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. முடிவுக்கு எட்டு வாரம் வரை போகும். பட்ட கொப்பை அகற்ற அனுமதி தேவையில்லை. முழு மரமும் பட்டுவிட்டதென்றால் ஐந்து வேலைநாள் முன்னறிவித்தல் கொடுத்துவிட்டுத் தறிக்கலாம். அதற்கு முன் நாலு பக்கமும் நின்று படம் எடுத்து வையுங்கள். பட்ட மரம்தான் என்று காட்ட வேண்டியது நீங்கள்.

நம்மவர்கள் அதிகம் மாட்டுவது எக்ஸ்டென்ஷனில். சின்ன எக்ஸ்டென்ஷன் பலவற்றுக்குத் தனி பிளானிங் பெர்மிஷன் வேண்டாம், சட்டமே பொதுவாகக் கொடுத்துவைத்திருக்கும் 'பெர்மிட்டட் டெவலப்மென்ட்' அனுமதி போதும். சரி, கட்டலாம். ஆனால் அந்தச் சலுகை சுவருக்குத்தான், மரத்துக்கு இல்லை. முழுமையான பிளானிங் பெர்மிஷன் எடுத்து, அந்தக் கட்டடத்தைக் கட்ட மரம் போயே ஆகவேண்டும் என்றால் மட்டும் மரத்துக்குத் தனி அனுமதி வேண்டாம். அத்திவாரத்துக்குக் கிடங்கு வெட்டும்போது டிகர் டிபிஓ உள்ள ஓக் மரத்தின் வேரை இழுத்து அறுக்கும். மரம் நின்றபடி நிற்கும், ஆனால் குற்றம் நடந்து முடிந்திருக்கும்.

டிபிஓ இல்லையென்றாலும், உங்கள் தெரு கன்சர்வேஷன் ஏரியாவுக்குள், அதாவது அதன் பழைய தோற்றத்துக்காகக் கவுன்சில் பாதுகாக்கும் பகுதிக்குள், வருகிறதா என்று பாருங்கள். நிலத்திலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் டேப் பிடித்து அடிமரத்தின் சுற்றளவை அளந்து, 3.14ஆல் வகுத்துப் பாருங்கள். விட்டம் 75 மில்லிமீட்டரைத் தாண்டினால் கவுன்சிலுக்கு ஆறு வாரம் முன்பே அறிவிக்கவேண்டும். அந்த ஆறு வாரத்துக்குள் அவர்கள் டிபிஓ போட்டாலும் போடலாம். 75 மில்லிமீட்டர் என்பது மெல்லிய மரம்தான். பலர் அதை மரமென்றே எண்ணுவதில்லை.

பக்கத்து வீட்டுக் கொப்பு உங்கள் பக்கம் நீண்டிருந்தால் எல்லைவரை வெட்டலாம் என்பது பழைய பொதுச் சட்டம். உண்மைதான், ஆனால் டிபிஓ உள்ள மரத்தில் அந்த உரிமையும் அனுமதி கேட்டுத்தான்.

தெரியாமல் வெட்டினேன் என்பது நீதிமன்றத்தில் எடுபடாது. வெட்டியவரும் பொறுப்பு, வெட்டச் சொன்னவரும் பொறுப்பு. மரத்தை அழித்தால் அபராதத்துக்கு மேல்வரம்பு இல்லை. அதனால் கிடைத்த லாபத்தையும் கணக்கில் எடுப்பார்கள். பூல் நகரில் ஒருவர் பக்கத்துக் காணியின் பைன் மரத்தைத் தறிப்பித்தார். அபராதம் 75,000 பவுண். வீட்டின் பெறுமதி கூடியதற்காக இன்னொரு 50,000 பவுண் பறிமுதல்.

வீடு வாங்குபவர்களுக்கு ஒன்று. டிபிஓ, லோக்கல் சேர்ச்சில், அதாவது அந்த வீட்டைப் பற்றிக் கவுன்சில் பதிவுகளைத் தேடி எடுக்கும் அறிக்கையில், வரும்; சொலிசிட்டர் அனுப்பும் காகிதக் கட்டுக்குள் பலர் பார்க்காமல் விடும் பக்கம் அது. முந்தைய சொந்தக்காரர் அனுமதியில்லாமல் மரத்தை வெட்டியிருந்தால், அந்த இடத்தில் புது மரம் நடும் கடமை காணியோடு சேர்ந்து உங்களிடம் வந்துவிடும். பின்வளவில் புதிதாகத் தறித்த அடிக்கட்டை தெரிந்தால், கையெழுத்துப் போடும் முன்பே சொலிசிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.